நடை ஆட்களின் முறை

நிஷாந்தி வாசித்து மதுரன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் வாசித்தவற்றை அவள் ஒன்று விடாமல் கேட்டிருந்தாள்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சொல்வதென்றால் பஸ்ஸைத்தான் சொல்ல வேண்டும்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி கணேசமூர்த்தியின் சவுண்ட் செட் கடை இருக்கிறது. அதன் மேல் மாடியில் சனிக்கிழமைதோறும் பின்னேரம் நாலு மணிக்குக் கவிதை வாசிப்பு. யாரும் வரலாம், யாரும் மைக்கைப் பிடிக்கலாம். திருவிழாவோ கல்யாணமோ உள்ள வாரங்களில் நல்ல மைக் வாடகைக்குப் போய்விடும். அன்று கரகரக்கும் பழைய மைக்தான். "கவித நல்லா இருந்தா கரகரப்பு கேக்காது. கேட்டுச்சுன்னா மைக்க குத்தம் சொல்லாதீங்க" என்பார் கணேசமூர்த்தி.

இதைத் தொடங்கி வைத்தவர் மார்கிரட் டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு பூசைக்கும் இதற்கும் தவிர வேறெதற்கும் அவர் டவுனுக்கு வருவதில்லை. ஆரம்பத்தில் வந்த வரிசைப்படிதான் வாசித்தார்கள். ஒரு நாள் தூரத்துத் தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி தன் முறைக்காகக் காத்திருந்து கடைசி பஸ்ஸை விட்டுவிட்டாள். அவளை டீச்சர் தன் வீட்டில் தங்கவைத்து, விடிந்ததும் தானே கூட்டிப்போய்த் தகப்பனிடம் ஒப்படைத்து, நன்றாக ஏச்சும் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. படியேறி வருகிறவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன் "ஒங்க கடைசி பஸ் எது?" என்று கேட்பார்கள். எவருடைய பஸ் முதலில் போகிறதோ அவர் முதலில் வாசிப்பார். கணேசமூர்த்தி கரும்பலகையில் அந்த வரிசைப்படி பெயர்களை எழுதுவார். மஸ்கெலியா, பொகவந்தலாவ, நுவரெலியா என்று இறங்கி வந்து, அடியில் 'நடை' என்று ஒரு கோடு. அதற்குக் கீழே நடந்தே வீடு போகக்கூடிய ஹட்டன், டிக்கோயா ஆட்கள். முறை வருவதற்குள் பஸ் வந்துவிட்டால், எழுதிய தாளை டீச்சரின் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். நடை ஆட்களில் ஒருவர் அதைக் கடைசியில் வாசிப்பார்.

நல்ல சட்டம். அதனால் எத்தனையோ பேர் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் எந்த நல்ல சட்டத்துக்குள்ளும் யாரோ ஒருவருடைய ஏக்கம் மாட்டிக்கொள்வதுண்டு.

மதுரன் மஸ்கெலியாவுக்கும் மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். ஆறு மணி பஸ்ஸை விட்டால் அவனுக்கு வீடு போக வழியில்லை. வந்ததும் வாசிப்பான். இன்னும் சிலர் வாசிப்பதைக் கேட்பான். பிறகு எழுந்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடுவான். மரப்படிகளில் அவன் சப்பாத்துச் சத்தம் கீழே போகப் போகக் குறைந்து, பிறகு பஸ் ஸ்டாண்டின் இரைச்சலில் கலந்துவிடும்.

நிஷாந்தி டிக்கோயாத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பு. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரத்தில் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. டிக்கோயாவுக்கு இருட்டிய பிறகும் பஸ் உண்டு, இல்லாவிட்டாலும் நடந்துவிடலாம். ஆகவே அவள் பெயர் எப்போதும் கோட்டுக்குக் கீழே. அவள் மைக் முன்னால் வந்து நிற்கும்போது முன்வரிசையில் பாதிக் கதிரைகள் காலியாக இருக்கும். இரண்டாவது வரிசையில், மதுரன் உட்கார்ந்திருந்து எழுந்து போன ஜன்னலோரக் கதிரையும் காலியாக இருக்கும்.

சனிக்கிழமைகளில் அவள் சற்று முன்னதாகவே வந்து கேத்தலில் எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டீ போடுவாள். மதுரன் தன் கோப்பையை வாங்கும்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுவான். அவ்வளவுதான் பழக்கம். ஒரு நாள் அவன் சொன்னான்:

"போன வாரம் நீங்க வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சாமே. சிவசாமி மாமா சொன்னாரு. தூங்குற புள்ளைங்கள பத்தியாம்."

"ம். சும்மா எழுதுனது."

"எனக்குத்தான் குடுத்து வைக்கல" என்றான் அவன். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு உடனே சிரிக்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

போனில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்டது கேட்டதோடு, யாரும் எதையும் பதிவு செய்து அனுப்பக் கூடாது என்பது டீச்சரின் இன்னொரு சட்டம். அது இல்லாவிட்டாலும் நிஷாந்தி அனுப்பியிருக்கமாட்டாள். தனியாக ஒருவருக்கு அனுப்பினால் அது கடிதம். எல்லார் முன்னாலும் வாசித்தால் அது கவிதை. முப்பத்தைந்து வயதில், தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த முகத்தோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் அல்ல.

ஒரு சனிக்கிழமை வாசித்து முடித்த மதுரன் மைக்கை விட்டு நகராமல் நின்றான்.

"மாலைதீவுல ஒரு ஹோட்டல்ல ஜெனரேட்டர் வேல கெடச்சிருக்கு. இன்னும் பத்து நாள்ல, செவ்வாய்க்கிழம போறேன். ரெண்டு வருஷம். அடுத்த சனிக்கிழமதான் என்னோட கடைசி வாசிப்பு."

எல்லாரும் கைதட்டினார்கள். "அங்க கடல பத்தி எழுது, இங்க எல்லாரும் மலைய பத்தி எழுதியே மலைய கரைச்சிட்டானுங்க" என்றார் சிவசாமி. அவர் டிக்கோயாவில் ஒரு கடைக்குக் காவல்காரர். நிஷாந்தியும் கைதட்டினாள். அன்று அவளுடைய முறை வந்தபோது, தாளைக் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் ஒரே கவிதையை எழுதினாள். பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களுக்கு நடுவே நடந்துகொண்டு மனதுக்குள் திருத்தினாள். புதன்கிழமை அது முடிந்தது. வியாழக்கிழமை அதை மதுரன் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தாள். வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு வழி தோன்றியது.

சனிக்கிழமை ஹட்டனுக்குப் போகிற வழியில், மாரியம்மன் கோயிலைக் கடக்கும்போது எப்போதும் நின்று கும்பிடுகிறவள், அன்று தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"இந்தா வந்துட்டாங்க நம்ம டீக்கடை" என்றார் கணேசமூர்த்தி, கரும்பலகை முன்னால், கையில் சோக்கட்டியோடு. "நடைதானே?"

"இல்லண்ணே. இன்னைக்கு மஸ்கெலியா."

"மஸ்கெலியாவா?"

"சின்னம்மா வீட்டுக்குப் போறேன். ஆறு மணி பஸ்."

சொல்லிவிட்டாள். பொய் இவ்வளவு இலேசாக வாயை விட்டு இறங்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கணேசமூர்த்தி சந்தேகப்படவும் இல்லை. அந்தப் பலகையைப் பற்றி இத்தனை நாளில் யாரும் பொய் சொன்னதில்லை. சொல்லலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

"அடடா, நல்லதாப் போச்சு. ஒரு நாளாவது நெறஞ்ச சபையில வாசிங்க" என்று மஸ்கெலியா வரிசையில் அவள் பெயரை எழுதினார். அதற்கு அடுத்ததாகப் பூரணியின் பெயர் இருந்தது. பூரணி பொகவந்தலாவப் பக்கத்துக் கொழுந்து பறிக்கும் பெண். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் அவளால் வர முடியும்.

நாலு மணி தாண்டியது. டீச்சர் எப்போதும் போல் எல்லாரையும் ஒரு நிமிடம் கண்மூடி இருக்கச் சொன்னார். "அவங்கவங்க சாமிய நெனச்சுக்குங்க. சாமி இல்லாதவங்க அம்மாவ நெனச்சுக்குங்க." நிஷாந்தி கண்ணை மூடினாள். காது மட்டும் படிக்கட்டில் இருந்தது.

மதுரன் வரவில்லை.

முதலாமவர் வாசித்தார். இரண்டாமவர், மூன்றாமவர் என்று மஸ்கெலியா ஆட்கள் வாசித்து வர, மணி ஆறை நெருங்கியது. ஜன்னலோரக் கதிரை காலியாகவே இருந்தது. யாரிடம் கேட்பது? கேட்டால் என்ன நினைப்பார்கள்? அவள் பெயரைக் கூப்பிட்டபோது மெதுவாக எழுந்தாள். மைக் முன்னால் வந்து, கைப்பையைத் திறந்து, கையிலேயே இருந்த தாளைத் தேடினாள். கண்ணாடியைத் துடைத்தாள். தண்ணீர் கேட்டாள். கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்டு நிறுத்தினாள். அது பக்கத்துக் கடைப் பையன். மைக் உயரம் சரியில்லை என்றாள். கணேசமூர்த்தி எழுந்து வந்து சரிசெய்தார்.

"தங்கச்சி, நேரமாகுது" என்று முன்வரிசையிலிருந்து மெல்லச் சொன்னாள் பூரணி.

நிஷாந்தி வாசிக்கத் தொடங்கினாள்.

*நீங்கள் இறங்கிப் போகும்*
*படிக்கட்டின் சத்தம் ஓய்ந்த பிறகுதான்*
*என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.*
*நான் கதிரைக்கு வாசிக்கிறேன்.*
*நல்ல கதிரை.*
*நடுவில் எழுந்து போகாது.*

சபை சிரித்தது, நல்ல சிரிப்பு. அவள் நிமிர்ந்து பார்த்தபோது பூரணி எழுந்து நிற்பது தெரிந்தது. மணி ஆறைத் தாண்டியிருந்தது, பொகவந்தலாவ பஸ் கிளம்புகிறதென்று ஜன்னல் வழியாக யாரோ பூரணியைக் கூப்பிட்டார்கள். பூரணி குடையை எடுத்தாள், பையை எடுத்தாள், நாலாக மடித்த ஒரு தாளை டீச்சரின் மேசையில் வைத்தாள், போய்விட்டாள். நிஷாந்தி மிச்சத்தையும் வாசித்தாள். எப்படி வாசித்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைதட்டல் பெரிதாக இருந்தது. ஒரு வாரமாகத் திருத்தித் திருத்தி வைத்த வார்த்தைகள், சேர வேண்டிய காதுக்குச் சேராமலே முடிந்துபோயின. அவளுக்கு வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட வேண்டும் போல் இருந்தது.

ஆனால் எல்லாருக்கும் அவளுடைய பஸ்ஸைப் பற்றித்தான் கவலை.

"கெளம்பு கெளம்பு, மழ இருட்டு வேற" என்று டீச்சர் எழுந்தே விட்டார். "சின்னம்மாவுக்கு ஏதாவது வாங்குனியா? இந்தா, இந்த பிஸ்கட் பக்கெட்ட கொண்டு போ. வெறுங்கையோட போகாத."

கணேசமூர்த்தி போனைக் காதில் வைத்தபடி ஜன்னலில் நின்றார். "கண்டக்டர்கிட்ட சொல்லிட்டேன், நிப்பாட்டி வச்சிருக்கான். ஓடுங்க!"

பிஸ்கட் பக்கெட்டோடு அவள் படியிறங்கினாள். பாதிப் படியில், பெரிய புதுப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்க, மதுரன் மேலே வந்துகொண்டிருந்தான்.

"என்ன, நீங்க போறீங்க?" என்றான்.

"நீங்க... இப்பத்தான் வாறீங்க?"

"கடையெல்லாம் ஏறி எறங்கி வர நேரமாயிருச்சு. பரவாயில்ல, இன்னைக்கு எனக்கு பஸ் இல்ல. ஹட்டன்ல மச்சான் வீட்டுல தங்குறேன். நாந்தான் இன்னைக்கு கடைசி ஆளு." அவன் சிரித்தான். "இத்தன நாளா வாறேன், நடை ஆளுங்க ஒருத்தர் கவிதையும் கேட்டதில்ல. போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது கடைசி மட்டும் இருந்து கேப்போம்னு. நீங்க இன்னும் வாசிக்கலதானே?"

மேலே ஜன்னலிலிருந்து கணேசமூர்த்தியின் குரல் வந்தது. "நிஷாந்தி! ஒங்களுக்காக முழு பஸ்ஸும் நிக்குது!"

"வாசிச்சிட்டேன்" என்றாள். இறங்கி ஓடினாள்.

பஸ் உண்மையாகவே நின்றுகொண்டிருந்தது. உள்ளே குடைகளும் மூட்டைகளுமாகச் சனம் நெருக்கியடித்தது. டிரைவர் தலையை நீட்டி, "நங்கி, யமு யமு!" என்று, தங்கச்சி போவோம் போவோம் என்பதைச் சிங்களத்தில் சொல்லி அவசரப்படுத்தினார். கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு கை நீட்டினான்.

"ஏறுங்கக்கா. கணேசண்ணே எடுத்து சொன்னாரு. எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறேன்."

முன் சீட்டில் இருந்த வயதான அம்மா ஒருத்தி, "வா புள்ள, இங்க குந்து" என்று மூட்டையை மடிக்கு எடுத்து இடம் பண்ணினாள்.

அந்த பஸ் டிக்கோயா வழியாகத்தான் போகும். ஏறி, கொஞ்ச நேரத்தில் வீட்டுப் பக்கத்தில் இறங்கிக்கொண்டால் போதும். பொய் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். நிஷாந்தி ஒரு காலைப் படியில் வைத்தாள். பிறகு எடுத்தாள்.

"நான் வரல தம்பி. சின்னம்மா... இன்னைக்கு வர வேணாம்னுட்டாங்க."

கண்டக்டர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஏசவில்லை. "சரிக்கா, பரவாயில்ல. மழ வருது, நனையாம போங்க" என்று சொல்லி மணியை அடித்தான். இடம் பண்ணிக் கொடுத்த அம்மா, மூட்டையை மறுபடியும் கீழே வைத்துக்கொண்டே அவளைப் பார்த்துத் தலையாட்டினாள். பொய்யை நம்பி ஒருவர் காட்டும் அன்பு, கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் வாங்குவது போன்றது. வைக்கவும் இடமில்லை, வைத்திருக்கவும் முடியாது.

அதே பொய்யை மேலேயும் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் அவள் படியேறினாள். மேலே மதுரன் தன்னுடைய வழக்கமான இடத்தில் இல்லை, பின்னால் சிவசாமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பலகையில் கோட்டுக்குக் கீழே அவன் பெயர் எழுதியிருந்தது.

அவளைக் கண்டதும் கணேசமூர்த்தி துள்ளி எழுந்தார். "என்ன, விட்டுட்டுப் போயிட்டானா? நிப்பாட்டுறேன்னு சொல்லிட்டு? இருங்க, அவன..." என்று போனை எடுத்தார். "இன்னைக்கு அவன் வாங்குற ஏச்சுல காது கிழியப் போகுது."

"அண்ணே, அவருக்கு எடுக்காதீங்க."

"ஏன் எடுக்கக் கூடாது? நான் சொன்ன சொல்லுக்கு..."

"அவரு நிப்பாட்டித்தான் வச்சிருந்தாரு. நாந்தான் ஏறல." நிஷாந்தி கதவருகிலேயே நின்றாள். டீச்சரின் மேசையில் பூரணியின் தாள் நாலாக மடித்தபடியே இருந்தது. "மஸ்கெலியாவுல எனக்கு சின்னம்மாவே இல்ல. முன்னாடி வாசிக்கணும்னு பொய் சொன்னேன். பூரணியக்கா வாசிக்காம போனதும் என்னாலதான். நான் வேணுமின்னே நேரத்த இழுத்தேன்."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மழை தகரக் கூரையில் விழத் தொடங்கியிருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் சிவசாமி. "டிக்கோயாவுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவுல எத்தன தோட்டம் கெடக்கு. அத்தனையும் ஒத்த வார்த்தையில தாண்டிருச்சே இந்த புள்ள!"

எல்லாரும் சிரித்தார்கள். கணேசமூர்த்தி மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த கண்டக்டர் மொகத்துல நான் இனி எப்படி முழிக்கிறது?" என்று முணுமுணுத்தார். டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கதிரையிலிருந்து தன் பையை எடுத்து, உட்காரச் சொல்லி அதைத் தட்டிக் காட்டினார்.

"பூரணி இனி அடுத்த மாசந்தான் வருவா" என்றார்.

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சா சரி."

நடை ஆட்களின் முறை வந்தது. ஒருவர் வாசித்தார், பிறகு மதுரன் வாசித்தான். அவனுடையது சின்னக் கவிதை. தொழிற்சாலையில் அவன் எண்ணெய் போட்டு வளர்த்த ஒரு மெஷினிடம் சொல்லிக்கொண்டு போவதாக. சிவசாமியின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்காமலே சொன்னார்:

"டீச்சர், நான் எழுதுனது இன்னும் வேகல. என் முறைய நிஷாந்திக்கு குடுங்க. மதுரன் அந்த கதிரை கவிதைய கேக்கலதானே? இன்னொருக்கா வாசிக்கட்டும். கேட்டவங்களும் கேக்கட்டும், காசா பணமா."

மதுரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆமா டீச்சர். அதுக்குத்தான் வந்தேன்" என்றான். அப்படிச் சொன்னபோது அவன் காதுகள் சிவந்தன.

நிஷாந்தி எழுந்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. மைக் இருக்கிறது, அவன் இருக்கிறான், வாசலில் எந்த பஸ்ஸும் காத்திருக்கவில்லை. கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

"மாமா, ஒங்க முறைய வாங்கிக்கிறேன்" என்றாள். "ஆனா நான் ஒருக்கா வாசிச்சிட்டேன். இது பூரணியக்கா நேரம்." மேசையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள்.

டீச்சர் தலையசைத்தார். கணேசமூர்த்தி கையிலிருந்த போனைப் பார்த்தார், யோசித்தார், ஓர் எண்ணை அழுத்தினார். கண்டக்டருடைய எண் அல்ல. "பூரணி, பஸ்ஸுல சீட் கெடச்சிச்சா? சரி, பேசாத. காதுல வச்சுக்கிட்டு கேளு" என்று சொல்லி, போனை மைக் பக்கத்தில் பிடித்தார். பதிவு செய்யத்தான் கூடாது. கேட்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை.

"பூரணி. பொகவந்தலாவ" என்று தொடங்கினாள் நிஷாந்தி.

*கொழும்பில் மழையாம்.*
*போனில் சொன்னாய், மகளே.*
*இங்கே நல்ல வெயில்.*
*உன் கம்பளிச் சட்டையை*
*கொடியில் போட்டிருக்கிறேன்.*
*அங்கே நீ நனைந்தால்*
*இங்கே அது காயட்டும்.*

அவள் அதை மெதுவாக வாசித்தாள். குழந்தைகளைத் தூங்கவைக்கும் குரல் அவளுக்கு. ஒவ்வொரு வரியையும் யாரும் விழித்துவிடாதபடி இறக்கி வைப்பது போல் வாசித்தாள். முடித்ததும் தாளைப் பழையபடி நாலாக மடித்தாள். பின்வரிசையில் மதுரன் குனிந்திருந்தான். அவனுடைய அம்மாவும் அடுத்த வாரம் எதையாவது கொடியில் போடத்தான் போகிறாள்.

பிறகு போனில் பஸ் இரைச்சலுக்கு நடுவே பூரணியின் குரல் கேட்டது. "யாரு வாசிச்சது, நிஷாந்தியா?"

"ஆமாக்கா. ஒங்க முறைய நாந்தான்..."

"நல்லாத்தான் வாசிக்கிற. அந்த சட்ட இன்னமும் கொடியிலதான் கெடக்கு, இப்ப மழைல நனையுது. அத எடுக்கத்தான் ஓடுறேன்." பூரணி சிரித்தாள். "விடு. அடுத்த தடவ எனக்கு பின்னாடி நில்லு. டீக்கு சீனிய கூட்டிப் போடு. வைக்கிறேன்."

கூட்டம் கலைந்தபோது மழையும் விட்டிருந்தது. பிஸ்கட் பக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன நிஷாந்தியிடம், "வச்சுக்க. காம்பராவுல புள்ளைங்களுக்கு குடு" என்றார் டீச்சர். பிறகு அவள் தலையில் கை வைத்து, உதட்டுக்குள் என்னவோ சொன்னார். அவர்களுடைய மதத்து வார்த்தை. நிஷாந்திக்குப் புரியவில்லை, போதுமாக இருந்தது.

டிக்கோயாவுக்கு நடக்கிறவர்கள் அவளும் சிவசாமியும்தான். அன்று மதுரனும் கூட வந்தான். "கொஞ்சத் தூரம் வந்துட்டு திரும்பிர்றேன்" என்றான். ஹட்டன் விளக்குகள் பின்னால் போயின. வளைவுகளில் மூடுபனி இறங்கியிருந்தது. எப்போதும் மூட்டு வலி என்று நின்று நின்று வருகிற சிவசாமி, அன்று என்னவோ வேகமாக முன்னால் நடந்தார்.

"அது என்ன கதிரை கவித?" என்று கேட்டான் மதுரன். "ஒருக்காதான் வாசிக்கணும்கிற ரூல் மைக்குக்குத்தானே? ரோட்டுக்கு இல்லதானே?"

நிஷாந்தி தாளை எடுக்கவில்லை. இருட்டில் அதை வாசிக்க முடியாது. வாசிக்கத் தேவையும் இல்லை. நடந்துகொண்டே சொன்னாள். படிக்கட்டின் சத்தத்தைச் சொன்னாள், கதிரையைச் சொன்னாள். அவன் சிரிப்பதற்காக அவள் இடம் விட்டாள், அவன் சிரிக்கவில்லை. கடைசிப் பகுதிக்கு வந்தாள்.

*உங்கள் பஸ் ஒரு நாள்*
*வராமல் போகட்டும் என்று*
*வேண்டிக்கொள்ளமாட்டேன்.*
*மழையில் நிற்பவர்கள் பலர்.*

அப்போது கொழுந்து லொறி ஒன்று வளைவில் திரும்பி, வெளிச்சத்தையும் இரைச்சலையும் அவர்கள் மேல் கொட்டிக்கொண்டு போனது. அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டாள்.

மதுரன் பையை மறு தோளுக்கு மாற்றினான்.

"ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட்" என்றான் அவன்.

"தெரியும்."

"நடுவுல லீவு தர மாட்டாங்களாம்."

"ம்."

ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் அவன் நின்றான். அதற்கு மேல் வந்தால் திரும்பிப் போக நேரமாகிவிடும். முன்னால் சிவசாமியின் டோர்ச் வெளிச்சம் மட்டும் பனிக்குள் ஆடிக்கொண்டு போனது. மதுரன் புதுப் பையின் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நிஷாந்தி, பஸ் வராம போகட்டும்னு வேண்டிக்க மாட்டேன்னீங்க, அதுக்கு அப்புறம் லொறி சத்தம். அந்த வரி கேக்கல. அங்க போய் யாருகிட்ட கேப்பேன்?"

அவளும் நின்றாள். மைக் முன்னாலும் சரி, இந்த ரோட்டிலும் சரி, வேறெங்கேயோ பார்த்துச் சொன்ன வரிகளை இப்போது அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கொஞ்சம் பிந்தி வரட்டும். அவ்வளவுதான்."